யாழ்ப்பாணத்தில நிண்டு ரெலஸ்கோப்புக்கு மோட்டர் பூட்டி ஓட்டுறது எப்பிடி

மாசி மாசத்து இரவு ஒண்டில வளவுக்க ரெலஸ்கோப்பை வச்சு பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்கு வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தன், ஒரு பிள்ளை பாத்து முடிச்சு கதிரையால இறங்க அடுத்த பிள்ளை ஏறி கண்ணை வைக்கிறதுக்குள்ள வியாழன் பார்வைக்கு வெளிய போயிடும், நான் திரும்ப எட்டிப் பாத்து திருகி நடுவில கொண்டந்து விட்டா அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு பொறுமை போயிடும். கடைசியா நிண்ட சின்னப்பிள்ளை "மாமா எனக்கு ஒண்டும் தெரியேல்ல" எண்டு சொல்லிப்போட்டு போனது. அண்டைக்குத்தான் மோட்டர் பூட்டுறது எண்டு முடிவெடுத்தன்.

இது ஏன் நடக்குது எண்டா கணக்கு சிம்பிள். வானம் மணித்தியாலத்துக்கு 15 பாகை ஓடுது, அதாவது 4 நிமிசத்துக்கு ஒரு பாகை. 100 மடங்கு பெருப்பிச்சுப் பாக்கேக்க சாதாரண ஐபீசில, அதாவது கண்ணை வைக்கிற வில்லையில, அரைப் பாகை வானம்தான் தெரியும், அப்ப ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு போக 2 நிமிசம், நடுவில வச்சா 1 நிமிசத்தில காணாமப் போயிடும். 200 மடங்கு எண்டா அதிலயும் பாதி. மோட்டர் செய்யுறது ஒண்டே ஒண்டுதான், பூமி சுத்துற வேகத்துக்கு எதிர்ப்பக்கமா, 23 மணித்தியாலம் 56 நிமிசம் 4 செக்கனுக்கு ஒரு சுத்து எண்ட கணக்கில குழாயைத் திருப்பிக்கொண்டு போறது. 1824லயே ஜேர்மன்காரர் ஃபிறவுன்ஹோஃபர் டோர்பாட் எண்ட ஊருக்குச் செய்து குடுத்த ரெலஸ்கோப்பில மணிக்கூடு மாதிரி ஒரு பொறியை வச்சு இதே வேலையைத்தான் செய்தவை. எங்களிட்ட இப்ப அது கைக்குள்ள அடங்குற சின்ன மோட்டரா கிடைக்குது.

முதல்ல உங்கட மவுண்ட், அதாவது குழாயைத் தாங்கித் திருப்புற பகுதி, எது எண்டு பாருங்கோ. சரிஞ்ச அச்சும் கீழ தொங்குற பாரக்கல்லும் இருந்தாத்தான் இந்தக் கதை, அதைத்தான் ஈக்குவட்டோரியல் மவுண்ட் எண்டுறது. மேல கீழ, இடம் வலம் எண்டு மட்டும் திரும்புற மவுண்டுக்கோ, டொப்சோனியன் எண்டு தரையில வைக்கிற பெட்டி மவுண்டுக்கோ இந்த மோட்டர் சரிவராது. அடுத்தது, மவுண்டுக்கு ஏத்த மோட்டர் கிட்டைத்தான் (மோட்டர், சில்லு, வயர் எல்லாம் சேந்து வாறது) வாங்க வேணும். ஈக்குவட்டோரியல் மவுண்டில ஈக்யூ3 ரகத்தில உள்ளுக்க இருக்கிற பெரிய பல்லுச்சில்லுக்கு 130 பல்லு, ஈக்யூ5க்கு 144 பல்லு, அதால ஒண்டின்ர மோட்டரை மற்றதில கொழுவினா பூட்டுப்பட்டாலும் வேகம் பிழைக்கும். ஒத்தை மோட்டர் கிட்டும் இருக்கு ரெட்டை மோட்டர் கிட்டும் இருக்கு. கண்ணால பாக்கிறதுக்கு மட்டும் எண்டா ஒத்தை மோட்டரே காணும், வானத்தோட ஓட வேண்டியது கிழக்கு மேற்கா திருப்புற ஆர்ஏ அச்சு மட்டும்தான், வடக்கு தெற்கா திருப்புற டெக் அச்சு சும்மா நிண்டாச் சரி. காசு இருந்தா மிச்சத்துக்கு நல்ல ஐபீஸ் ஒண்டு வாங்குங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். படம் எடுக்கிற எண்ணம் இருந்தா ரெண்டு மோட்டரும் பூட்டுங்கோ.

பூட்டுறதுக்கு முதல் மவுண்டை கையால திருகிப் பாருங்கோ. ஆர்ஏ திருகாணி எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி லேசா சுத்த வேணும். எங்கயாவது இறுகினா, இல்லாட்டி பழைய கிறீஸ் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தா அதை முதல் சரியாக்குங்கோ, அந்தச் சின்ன மோட்டருக்கு பெரிய பலம் இல்லை, உங்கட கைக்கே பாரமா இருந்தா அது நிண்டு போயிடும். மண்ணெண்ணெயில துணியை நனைச்சு பழைய கிறீசைத் துடைச்சுப்போட்டு லித்தியம் கிறீஸ் கொஞ்சமாப் பூசினாச் சரி.

இப்ப பூட்டுவம். குழாயையும் பாரக்கல்லையும் கழட்டி வையுங்கோ. எதை முதல் கழட்டுறது எண்டா குழாயைத்தான், பாரக்கல்லை முதல் கழட்டினா குழாய் பாரத்தில சடார் எண்டு கீழ விழுந்து ஸ்ராண்டில அடிபடும். பேந்து ஆர்ஏ அச்சில இருக்கிற திருகு வயரையோ குமிழையோ கழட்டுங்கோ. அந்தத் தண்டில ஒரு பக்கம் தட்டையா சீவி இருக்கும், அதை வடிவா பாத்து வையுங்கோ. கிட்டில வாற பித்தளைச் சில்லை அந்தத் தண்டில ஏத்தி, அதில இருக்கிற தலையில்லாத சின்ன ஸ்குரூவை அந்தத் தட்டைப் பக்கத்துக்கு நேரா வச்சு அலன் கீயால இறுக்குங்கோ. தட்டையில படாம உருண்டைப் பக்கத்தில இறுக்கினா முதல் நாள் ஓடும், ரெண்டாம் நாள் சில்லு மட்டும் சுத்தும், தண்டு சும்மா நிக்கும்.

அடுத்தது மோட்டர். அதுக்கெண்டு மவுண்டில ஒரு போல்ட் ஓட்டை இருக்கும், போல்ட்டை முழுசா இறுக்காம அரைவாசியில விட்டு, மோட்டரின்ர சில்லையும் தண்டின்ர சில்லையும் பல்லோட பல்லு பொருத்துங்கோ. இதுதான் முழு வேலையிலயும் ஆறுதலாச் செய்ய வேண்டிய இடம். கிட்ட நெருக்கி இறுக்கினா மோட்டர் முனகும், சில நேரம் நிண்டே போகும். தூர விட்டா பல்லு கவ்வாம ஆடும். நான் செய்யிறது என்னெண்டா ரெண்டு சில்லுக்கும் இடையில கொப்பித் தாள் துண்டு ஒண்டை வச்சு நெருக்கிப் பிடிச்சுக்கொண்டு போல்ட்டை இறுக்கிப்போட்டு பேந்து தாளை உருவி எடுக்கிறது. அந்தத் தாளின்ர தடிப்பு இடைவெளி போதும். ரெண்டு சில்லும் ஒரே நேர்ல நிக்குதோ, ஒண்டு வெளிய தள்ளிக்கொண்டு நிக்குதோ எண்டு பக்கத்தால ஒருக்கா பாருங்கோ. டெக் மோட்டரும் இதே முறைதான், திரும்பச் சொல்லத் தேவையில்லை. ரெண்டு வயரின்ர பிளக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதால கொன்ரோலரில (பட்டின் இருக்கிற கைப்பெட்டி) ஆர்ஏ எது டெக் எது எண்டு பாத்துக் குத்துங்கோ, வயரில கலர் ரேப் ஒட்டி விட்டா இருட்டில தடுமாறத் தேவையில்லை.

கறண்ட் விசயத்தில கவனம். கன கொன்ரோலர் 6 வோல்ட்டில ஓடுறது, பெரிய டோர்ச் பற்றறி நாலு போடுற பெட்டியோட வரும். அந்தப் பற்றறி நாலும் ஒவ்வொருக்கா வாங்கிப் போட காசு கரையும் எண்டு நான் மோட்டச்சைக்கிள் பற்றறியைக் கொண்டந்து நேராக் குடுத்தன், அது 12 வோல்ட், கொன்ரோலர் ஒரு மணம் மணந்துபோட்டு செத்திட்டுது. நீங்கள் அப்பிடிச் செய்யாதேங்கோ. மோட்டச்சைக்கிள் பற்றறி நல்ல யோசினைதான், ஆனா இடையில வோல்ட் குறைக்கிற சின்ன போர்ட் ஒண்டு, எல்எம்2596 எண்டு கேட்டா எலெக்ரோனிக்ஸ் சாமான் விக்கிற கடையில தருவினம், அதைப் போட்டு மல்ரிமீற்றரால அளந்து சரியா 6 வோல்ட்டுக்குத் திருகி வச்சபிறகுதான் கொன்ரோலரைக் கொழுவ வேணும். நேர் எதிர் மாறக்கூடாது, பற்றறிப் பக்கத்தில ஒரு பியூசும் போடுங்கோ. உங்கட கொன்ரோலர் எத்தினை வோல்ட் எண்டு அதின்ர முதுகில எழுதி இருக்கும், நான் சொன்னதை நம்பாம அதைப் பாருங்கோ.

இப்ப ஓடுதோ எண்டு பாக்க வேணும், இதில கனபேர் ஏமாறுறது. சுவிச்சைப் போட்டுட்டு பாத்துக்கொண்டு நிண்டா ஒண்டும் அசையிற மாதிரித் தெரியாது, பழுது எண்டு நினைச்சுப்போட்டு திரும்பக் கழட்டுவினம். மோட்டர் சரியாத்தான் ஓடும், வேகம்தான் அப்பிடி. ஈக்யூ3ல தண்டு ஒருக்கா சுத்த கிட்டத்தட்ட 11 நிமிசம், ஈக்யூ5ல 10 நிமிசம். பித்தளைச் சில்லில ஒரு பொட்டு கியூடெக்ஸ் வையுங்கோ, நேரத்தைக் குறிச்சு வச்சுக்கொண்டு போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாருங்கோ, பொட்டு திரும்ப அதே இடத்துக்கு வந்திருந்தா வேகம் சரி. கொன்ரோலரில வடக்கு தெற்கு எண்டு ஒரு சுவிச் இருக்கும், நாங்கள் பூமியின்ர வட அரைவாசியில இருக்கிறபடியா அது வடக்கில இருக்க வேணும், பிழையா இருந்தா மோட்டர் மற்றப்பக்கம் ஓடும், நட்சத்திரம் நிக்கிறதை விட்டிட்டு ரெண்டு மடங்கு வேகத்தில தப்பி ஓடும்.

சரி, இனித்தான் எங்கட ஊருக்கு எண்டு தனியாச் சொல்ல வேண்டிய விசயம். மோட்டர் சரியா ஓடுறதுக்கு மவுண்டின்ர ஆர்ஏ அச்சு வான வடமுனையை, அதாவது வானம் சுத்துற மாதிரித் தெரியிற வடக்குப் புள்ளியை, பாக்க வேணும். இணையத்தில இருக்கிற கன வீடியோ ஐரோப்பா அமெரிக்காவில இருந்து எடுத்தது, அவையளுக்கு துருவ நட்சத்திரம் 40, 50 பாகை உயரத்தில நிக்கும். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 9.7 பாகை வட அகலக்கோட்டில இருக்கு, அப்ப எங்களுக்கு துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்தில இருந்து அவ்வளவு உயரம்தான். கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடிச்சா முட்டியின்ர அகலம் கிட்டத்தட்ட 10 பாகை. அடிவானத்துக்கு மேல ஒரு முட்டி, அவ்வளவுதான்.

அதால வர்ற முதல் பிரச்சினை மறைப்பு. ரெண்டு மீற்றர் மதில் எண்டா ரெலஸ்கோப்பை மதிலில இருந்து ஒரு 5 மீற்றராவது தள்ளி வைக்க வேணும். 20 மீற்றர் பனை நேர் வடக்கால நிண்டா அது நூறு மீற்றருக்கு அங்கால நிண்டாலும் மறைக்கும், எங்கட ஊரில வடக்குப் பக்கம் பனை இல்லாத வளவு எங்க இருக்கு. மொட்டைமாடி இருந்தா நல்லம், இல்லாட்டி கடற்கரை. காரைநகர் கசூரினா, கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கம் வடக்கால வெறும் கடல்தான், வாடைக்காத்து அடங்கி வானம் வெளிச்ச நாளில துருவ நட்சத்திரம் கடலுக்கு மேல மங்கலா நிக்கிறதைக் காணலாம். மங்கல் எண்டது உண்மை, அவ்வளவு தாழ்வில புகாரும் உப்புக்காத்தும் வெளிச்சத்தைக் குடிச்சிடும், பிரகாசமா இருக்கும் எண்டு தேடாதேங்கோ.

ரெண்டாம் பிரச்சினை மவுண்டே அவ்வளவு கீழ இறங்காது. கன மவுண்டில அச்சின்ர சரிவை மாத்திற அகலக்கோட்டு ஸ்குரூ 15 அல்லது 20 பாகைக்குக் கிட்ட வந்து முட்டி நிண்டிடும். அப்ப என்ன செய்யிற? மூண்டுகால் ஸ்ராண்டையே வடக்குப் பக்கம் சரிக்கிறதுதான். ஈக்குவட்டோரியல் மவுண்டுக்கு தளம் மட்டமா இருக்க வேணும் எண்ட சட்டம் இல்லை, அச்சு முனையைப் பாத்தாச் சரி, மட்டம் பாக்கிறது எங்கட வசதிக்குத்தான். உங்கட மவுண்ட் 15 பாகையில முட்டுது எண்டு வைப்பம், இன்னும் 5 பாகைக்குக் கொஞ்சம் மேல இறக்க வேணும், வடக்குக் காலுக்கும் தெற்கால இருக்கிற ரெண்டு காலுக்கும் இடைவெளி 90 சென்ரிமீற்றர் எண்டா தெற்குக் கால் ரெண்டுக்கும் கீழ 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு பலகைக் கட்டை வச்சாக் காணும், இல்லாட்டி வடக்குக் காலை அந்தளவுக்குக் குறையுங்கோ. ஆனா இப்பிடிச் செய்தா முழுப் பாரமும் வடக்கால சாயும், குழாயை ஏத்த முதல் கையால அமத்தி ஆட்டிப் பாருங்கோ, விழுற மாதிரி இருந்தா காலை இன்னும் அகட்டுங்கோ, நடுவில ஒரு தண்ணிக் கானைத் தொங்க விட்டா இன்னும் நல்லம். மவுண்டில இருக்கிற பாகை அளவுகோடு இனிப் பிரயோசனம் இல்லை, போனில சரிவு அளக்கிற அப் ஒண்டை இறக்கி போனை ஆர்ஏ அச்சோட ஒட்டிப் பிடிச்சு 9.7 வருதோ எண்டு பாருங்கோ.

மூண்டாவது, பாரக்கல். அச்சு இப்பிடிப் படுத்துக் கிடக்கிறதால பாரக்கல்லுத் தண்டு கிட்டத்தட்ட செங்குத்தா கீழ தொங்கும், அதுவும் கொஞ்சம் வடக்குப் பக்கமா. நேர் வடக்கில ஸ்ராண்டின்ர கால் நிண்டா கல்லு போய் அதில முட்டும். மோட்டர் ஓடேக்க முட்டினா பல்லுத்தான் தேயும். கல்லை தண்டில மேல ஏத்தி வச்சுப் பாருங்கோ, அதுக்கும் முட்டினா சின்னக் கல்லு ரெண்டு பாவியுங்கோ. சில பேர் காலைத் திருப்பி வடக்கால ரெண்டு காலுக்கு நடுவில வெளி வாற மாதிரி வைப்பினம், முட்டாது, கட்டை வைக்கிற கணக்குத்தான் மாறும். எதைச் செய்தாலும் இருட்ட முதல், மோட்டரைப் போடாம, கையால ஒருக்கா கிழக்கில இருந்து மேற்குக்கு முழுசாத் திருப்பிப் பாத்து எங்க எங்க முட்டுது எண்டு அறிஞ்சு வையுங்கோ.

வடக்கு எது எண்டு கண்டுபிடிக்க கொம்பாஸை நம்பி இருக்காதேங்கோ, மவுண்டின்ர இரும்பும் மோட்டருக்குள்ள இருக்கிற காந்தமும் முள்ளை இழுக்கும். துருவ நட்சத்திரம் மறைஞ்சு போற வளவுக்கு நான் செய்யிறது பகல் நிழல். கோயில் கட்டேக்க சங்கு எண்ட குச்சியை நட்டு நிழல் பாத்து திசை எடுப்பினம் எல்லே, அதே வேலைதான். ஒரு தூக்குக்குண்டை நூலில கட்டித் தொங்க விட்டு, சூரியன் உச்சி கடக்கிற நேரம் நூலின்ர நிழல் எங்க விழுதோ அதுதான் சரியான வடக்கு தெற்குக் கோடு, தரையில சோக்கால கீறி வையுங்கோ, சீமெந்துத் தரை எண்டா பெயின்ராலயே கீறி விடலாம், காலாகாலத்துக்கும் உதவும். உச்சி எண்டது 12 மணி இல்லை. எங்கட மணிக்கூடு 82.5 பாகை நெடுங்கோட்டின்ர நேரம், யாழ்ப்பாணம் 80 பாகையில இருக்கிறபடியா சராசரியா 12 மணி 10 நிமிசத்துக்குத்தான் உச்சி, அதுவும் காலத்துக்குக் காலம் மாறும், மாசி நடுவில 12.24, கார்த்திகை தொடக்கத்தில 11.54 அளவில. சித்திரை நடுவிலயும் ஆவணிக் கடைசியிலயும் சூரியன் நேர உச்சந்தலையில நிக்கும், நிழலே விழாது, அந்த நாளில இதைச் செய்ய ஏலாது. ஆனி மாசம் செய்தா நிழல் தெற்கால விழும், பயப்பிடாதேங்கோ, சூரியன் எங்களுக்கு வடக்கால போய் நிக்கிற காலம் அது, கோடு எப்பவும் போல சரிதான்.

கோட்டில மவுண்டை வச்சு சரிவை 9.7க்கு விட்டா கண்ணால பாக்கிறதுக்கு அது போதும், வியாழனோ சனியோ பத்து இருபது நிமிசம் பார்வைக்குள்ளயே நிக்கும். துருவ நட்சத்திரம் தெரியிற இடம் எண்டா அச்சை அதுக்கு நேரா விட்டா இன்னும் நல்லம், அது சரியான முனையில இல்லை, முக்கால் பாகைக்குக் கொஞ்சம் குறைவாத் தள்ளித்தான் நிக்குது, எண்டாலும் கண்ணுக்கு அது பெரிசில்லை.

அடுத்தது சமநிலை, இதைத் தவற விட்டா மோட்டர் கெதியாப் பழுதாகும். குழாய், ஐபீஸ், ஃபைண்டர் (குறி பாக்கிற சின்னக் குழாய்) எல்லாம் பூட்டினபிறகு ஆர்ஏ பூட்டைத் தளர்த்தி, பாரக்கல்லுத் தண்டைப் படுக்கையா விட்டுப் பாருங்கோ, எந்தப் பக்கமும் விழாம நிக்க வேணும். நிண்டதும் கிழக்குப் பக்கம் ஒரு நூல் அளவு பாரம் கூட இருக்கிற மாதிரி கல்லை நகர்த்துங்கோ. அப்பிடி இருந்தா பல்லு எப்பவும் ஒரே பக்கம் அமந்து கொண்டு இருக்கும், ஆடாது. டெக் அச்சுக்கு குழாயை வளையத்துக்குள்ள முன்ன பின்ன தள்ளி சமப்படுத்துங்கோ.

பாவிக்கிறது எப்பிடி எண்டா, பூட்டைத் தளர்த்தி கையால குழாயைத் திருப்பி ஃபைண்டரில ஆளைப் பிடியுங்கோ, பூட்டை இறுக்குங்கோ, பேந்து கொன்ரோலரில பட்டினை அமத்தி நடுவுக்குக் கொண்டாங்கோ. பூட்டை இறுக்க மறந்தா மோட்டர் ஓடும் குழாய் நிக்கும், ஒருத்தருக்கும் விளங்காது ஏன் எண்டு. மோட்டர் கொழுவி இருக்கேக்க தண்டில குமிழ் ஏதும் மிச்சம் இருந்தா அதைப் பிடிச்சுத் திருகாதேங்கோ, கிளச் இல்லாத கிட் எண்டா பல்லு உடையும். பட்டினை விட்டு மற்றப்பக்கம் அமத்தேக்க கொஞ்ச நேரம் ஒண்டும் நடவாது, அது பல்லு இடைவெளி, ரெண்டு மூண்டு செக்கன் பொறுங்கோ. சந்திரன் நட்சத்திரங்களோட ஓடாது, மணித்தியாலத்துக்கு அரைப் பாகை அளவு பிந்தும், அதால இடைக்கிடை பட்டினால திருத்த வேணும். சூரியனைப் பாக்கிறது எண்டா குழாயின்ர முன் வாயில சூரிய ஃபில்டர் இறுக்கமாப் பூட்டி இருந்தா மட்டும்தான், பிள்ளையள் நிக்கிற இடத்தில மோட்டர் தன்பாட்டுக்கு ஓடுது எண்டு விட்டிட்டு தேத்தண்ணி குடிக்கப் போகக்கூடாது. அதோட ஒரு பொருள் உச்சியைக் கடந்து மேற்கால போய்க்கொண்டிருந்தா குழாயின்ர பின்பக்கம் ஸ்ராண்டில முட்டுதோ எண்டு பாருங்கோ, முட்டப் போனா குழாயை மற்றப்பக்கம் புரட்டிப் போட்டு திரும்பப் பிடிக்க வேணும்.

படம் எடுக்கிறவைக்கு துருவம் இன்னும் துல்லியமா வேணும். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின்ர இடுப்பில வரிசையா நிக்கிற மூண்டு நட்சத்திரத்தில முதல் எழும்புறது மிந்தாக்கா, அது கிட்டத்தட்ட வான நடுக்கோட்டிலயே (பூமியின்ர நடுக்கோட்டுக்கு நேர மேல வானத்தில போற கோடு) இருக்கு, மாசி நடுவில இரவு 8 மணி போல எங்களுக்கு உச்சியில இருந்து பத்துப் பாகை தெற்கால நிக்கும். அதைப் பெரிய பெருப்பத்தில பிடிச்சு மோட்டரை ஓட விட்டு 5 நிமிசம் பாருங்கோ. கிழக்கு மேற்கா அசைஞ்சா கணக்கெடுக்காதேங்கோ, வடக்கு தெற்கு அசைவைத்தான் பாக்க வேணும். குழாயை மெல்ல துருவ நட்சத்திரப் பக்கம் தள்ளினா நட்சத்திரம் பார்வையில எந்தப் பக்கம் போகுதோ அதுதான் தெற்கு. தானா தெற்கால நழுவினா அச்சு முனைக்குக் கிழக்கால பாக்குது, மேற்குப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கோ. வடக்கால நழுவினா கிழக்குப் பக்கம் திருப்புங்கோ. அது நிண்டபிறகு கிழக்கு வானத்தில, அடிவானத்துக்கு மேல ரெண்டு மூண்டு முட்டி உயரத்தில, நடுக்கோட்டுக்குக் கிட்ட ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கோ. இது தெற்கால நழுவினா அச்சு தாழ்வு, உயர்த்துங்கோ, வடக்கால நழுவினா உயரம், இறக்குங்கோ. ரெண்டையும் மாறி மாறி ரெண்டு மூண்டு தரம் செய்ய வேணும், முதல் நாள் ஒரு மணித்தியாலம் போகும், பேந்து கை பழகிடும். துருவ நட்சத்திரமே தெரியாத வளவுக்கும் இந்த முறை வேலை செய்யும், அதாலதான் எனக்கு இதில அவ்வளவு விருப்பம்.

வேலை முடிஞ்சு மூடி வைக்க முதல் பனியைத் துடையுங்கோ. தை மாசி விடியப்பறத்தில குழாயால தண்ணி சொட்டும், அதோட கடற்கரைக்குக் கொண்டு போனா உப்பு, ஒரு கிழமையில ஸ்குரூ கறள் பிடிச்சிடும். வீட்ட வந்ததும் ஈரத்துணியால உப்பைத் துடைச்சு, காய விட்டு, ஸ்குரூக்களுக்கு தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. பற்றறிப் பெட்டிக்குள்ள பற்றறியை விட்டு வைக்காதேங்கோ, மாரி முடிஞ்சு வானம் வெளிச்சு எடுத்துப் பாக்கேக்க உள்ளுக்க ஒழுகிக் கிடக்கும்.

மோட்டர் பூட்டி முதல் இரவு அதே பிள்ளையளைத் திரும்பக் கூப்பிட்டன். வரிசையில பதினொரு பேர், ஒருக்காலும் திருத்தாம வியாழன் நடுவிலயே நிண்டது. அண்டைக்கு ஒண்டும் தெரியேல்ல எண்டு சொன்ன சின்னப்பிள்ளை கதிரையில ஏறி கன நேரம் பாத்துப்போட்டு, "பக்கத்தில நாலு புள்ளி நிக்குது, அது ஆர்?" எண்டு கேட்டது.